குணலட்சுமி ரீச்சரின் லொறிப் பற்றறி

குணலட்சுமி ரீச்சரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, எங்களோடு படிப்பித்த ஒருவர், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தை விட்டுவிட வேண்டாம் என்று நினைவூட்டினார். விடவில்லை. எந்த வகுப்புக்கு எப்போது என்ன பாடம் என்று ரீச்சர் நேரசூசி போட்ட காலம் முழுவதும் அந்தப் பாடம் எனக்குத்தான் வந்தது. மத்தியான வெயிலில் வாடிப்போன ஒன்பதாம் ஆண்டுப் பெடியன்களுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தவருக்குத்தான் அந்த வேதனை தெரியும். எனக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? நேரசூசியை அவர் போடவில்லை, அவருடைய கணினி போட்டது.

ஒரு பாடசாலையில் நேரசூசி போடுகிறவரை யாரும் நேசிப்பதில்லை. யாருக்கு முதற்பாடம் ஓய்வு, யாருக்குப் பேருந்து பிடிக்க வசதி, யாருடைய வகுப்பு மாமரநிழலுக்குக் கிட்ட என்று ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கணக்கு ஓடும். போட்டவர் தன் கூட்டாளிகளைப் பார்த்துக்கொண்டார் என்ற பேச்சு சுவரில் பசை காயமுன்பே எழும்பிவிடும். குணலட்சுமி ரீச்சர் கணிதம் படிப்பித்தவர். இணுவிலில் கந்தசுவாமி கோயிலுக்கு மேற்கே, தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்கக் கூடியவர்களும் அந்த முகத்தைப் பார்த்தால் வேறு கதை தொடங்கிவிடுவார்கள். நியாயம் என்று ஒன்று அவருக்குப் பட்டுவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஆள் பார்க்காத ஒரு இயந்திரம் கிடைத்தது பெரிய ஆறுதலாக இருந்தது.

அது கிடைத்தது எண்பத்தெட்டில். சிறியதாயின் மகன் லண்டனிலிருந்து வந்து நின்றான். வரும்போது ஒரு வீட்டுக் கணினியைத் தூக்கி வந்தான், போகும்போது சுமை என்று விட்டுப் போனான். தட்டச்சுப் பலகை ஒன்று, அதன் பக்கத்திலேயே பாட்டுக் கசெற் போடுவது போல ஒரு வாய், பச்சை எழுத்துத் தெரியும் திரைப்பெட்டி ஒன்று. அவ்வளவுதான். கணினிக்கு வேண்டிய மின்சாரமும் அந்தத் திரைப்பெட்டிக்குள் இருந்துதான் போகும். திரையை அணைத்தால் எல்லாம் அணையும். ரீச்சர் ஒரு விடுமுறை முழுக்கக் கையேட்டோடு இருந்து நேரசூசி போடும் திட்டம் ஒன்றை எழுதி முடித்தார். வகுப்பு, ஆசிரியர், அறை எல்லாம் கொடுத்துவிட்டால் அது ஒவ்வொரு பாடமாக வைத்துப் பார்க்கும், முட்டினால் பின்வாங்கும், திரும்ப வைக்கும். காலையில் விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தொடக்கினால் பின்னேரம் மாடு அவிழ்க்கிற நேரத்தில் முடியும். இடையில் நின்றால் செய்தது எல்லாம் போச்சு, முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

நிற்பதற்கு அன்றைக்கு என்ன குறை? கரண்ட் நினைத்த நேரம் வந்தது, நினைத்த நேரம் போனது. அந்த லண்டன் தம்பி, கொழும்பில் இதற்கென்றே ஒரு பெட்டி விற்கிறார்கள், யூ.பி.எஸ் என்று பெயர், கரண்ட் போனாலும் அது பிடித்துக்கொள்ளும் என்று எழுதினான். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ரீச்சர் கேட்டு எழுதினார். வேலையைப் பத்திரமாக மூடி வைக்கப் பத்து நிமிடம் என்று பதில் வந்தது. ஆசிரியர் அறையில் அதை வாசித்துக் காட்டி, பத்து நிமிடத்தில் ஒரு தேவாரம் படித்து முடிக்கலாம், வேறென்ன செய்கிறது என்றார். ரீச்சர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

தொண்ணூறு ஆனியில் சண்டை திரும்ப மூண்டபோது போன கரண்ட் திரும்பவில்லை. குளிர்ப்பெட்டி வைத்திருந்தவர்கள் அதற்குள் புத்தகமும் சேலையும் அடுக்கினார்கள். கார் வைத்திருந்தவர்கள் பெற்றோல் இல்லாத காரின் பற்றறியைக் கழற்றி வானொலிக்குக் கொடுத்தார்கள். ரீச்சர் கணினியைப் பழைய பருத்திச் சேலையால் மூடி வைத்தார்.

அந்த மூட்டையை அவிழ்க்க வைத்தது வேறு விசயம். வடக்கே இருந்து இடம்பெயர்ந்த பாடசாலை ஒன்று எங்கள் கட்டிடங்களுக்கு வந்தது. காலையில் நாங்கள், பின்னேரம் அவர்கள். இரண்டு பக்கத்திலும் ஆசிரியர்கள் குறைந்துகொண்டே போனார்கள், அதனால் சிலர் இரண்டு பாடசாலைக்கும் படிப்பிக்க வேண்டியிருந்தது. உப அதிபர் முத்துக்குமாரு கையால் நேரசூசி போட்டார். நல்ல மனுசன், ஆனால் எங்கள் ஆட்கள் அவருடைய வீட்டுக்கே போய்க் கேட்டதைக் கொடுத்து, மிஞ்சியதை வந்தவர்களுக்குப் போட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தவணை முழுக்க ஆய்வுகூடம் கிடைக்கவில்லை, கணிதத்துக்கு ஆள் இல்லை. மார்கழியில் அவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை.

தொண்ணூற்றொன்று பங்குனி முடிவில் அதிபர் இரண்டு பாடசாலை ஆசிரியர்களையும் கூட்டினார். கத்தல்தான் மிச்சம். கடைசியில் ரீச்சர் எழும்பி, இரண்டாம் தவணைக்குத் தான் போடுவதாகச் சொன்னார். வந்த பாடசாலை ஆசிரியை பத்மாசினி, எப்போதும் குரல் உயர்த்தாதவர், "மெய்யாச் செய்வியளோ ரீச்சர்?" என்று கேட்டார்.

"தவணை துவங்கிற திங்கட்கிழமை காலமை சுவரிலை இருக்கும்" என்றார் ரீச்சர்.

சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் பழையதே ஓடும் என்று அதிபரும் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் நாங்கள் இருவரும் மருதனார்மடத்தில் வாகனம் திருத்துகிற கனகரத்தினத்தின் கறாச்சுக்குப் போனோம். நான் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவன், பாரம் தூக்க ஆள் என்ற முறையில் போனேன். கொக்குவிலில் ஒரு வானொலி திருத்துகிறவர் பற்றறி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி ஒன்று செய்து கொடுத்திருந்தார். தேன்கூடு போல இரையும், ஆனால் வேலை செய்யும். இனிப் பற்றறிதான் வேண்டும். கனகரத்தினம் மூன்றை எடுத்துக் காட்டினார். மோட்டார் சைக்கிளில் கிடந்த சின்னது ஒன்று, சோமசெற் காரில் கிடந்தது ஒன்று, டீசல் இல்லாமல் படுத்துவிட்ட லொறியின் பெரிய பற்றறி ஒன்று. சின்னது விளையாட்டுச் சாமான் என்று ரீச்சரே ஒதுக்கினார். பிறகு பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். திரைப்பெட்டி எவ்வளவு இழுக்கும், மாற்றுகிற பெட்டி தான் எவ்வளவு தின்னும், காலையிலிருந்து பின்னேரம் வரை என்றால் எவ்வளவு. கார் பற்றறி மத்தியானத்தோடு படுத்துவிடும். லொறிப் பற்றறி பொழுது பட்டும் நிற்கும்.

கனகரத்தினம் லொறிப் பற்றறியின் தலையில் தட்டி, இது யானை, இதைக் கொண்டுபோனால் பிறகு திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எங்கள் ஊர்களில் எதை வாங்கினாலும் பெரிதைத்தான் வாங்குவோம், ஆள் இரண்டு பேர் என்றாலும் சோற்றுப் பானை பத்துப் பேருக்கு இருக்கும். கறாச்சுக்காரர் தம்மிடம் மிச்சமிருந்த மண்ணெண்ணெயில் ஜெனரேற்றரை ஓட்டி அதை முட்டச் சார்ஜ் ஏற்றித் தந்தார். தள்ளுவண்டியில் கொண்டுவந்து சேர்க்கும்போது என் இடுப்பு என்னிடம் இல்லை.

வருசப் பிறப்புக்குப் பிறகு முதல் ஓட்டம் நடந்தது. பொழுது படமுன்பே நேரசூசி வந்துவிட்டது. ரீச்சர் கையால் பிரதி பண்ணி அதிபரிடம் கொண்டுபோனார். அன்றைக்குத்தான் எங்கள் ஆசிரியர்களில் இருவர் ஊரை விட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் கணிதம். போட்ட நேரசூசி காலை மாலை இரண்டு பக்கமும் ஓட்டை விழுந்து கிடந்தது. திரும்ப ஓட்ட வேண்டும். கனகரத்தினத்திடம் போனால் மண்ணெண்ணெய் இல்லை, அடுத்த கப்பல் வந்தால்தான் ஜெனரேற்றர் என்று கையை விரித்தார்.

இனி இருந்தது கிணறு ஒன்றுதான்.

தோட்டக் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ரீச்சருக்கும் அவருடைய தமையன் பஞ்சலிங்கத்துக்கும் அது பொதுக் கிணறு. நாலு நாளுக்கு ஒருமுறை தோட்டத்துக்கு இறைப்பு. காணி உறுதியில் எழுதியபடி அந்த நாளில் மத்தியானம் வரை தங்கச்சியின் முறை, மத்தியானத்துக்குப் பிறகு பொழுது படும்வரை தமையனின் முறை. ரீச்சரின் பங்கை இளையதம்பி என்பவர் குத்தகைக்குச் செய்தார். தண்ணீர் இறைக்கும் மிசின் தகப்பன் காலத்தது, அதுவும் பொது. அவரவர் முறைக்கு அவரவர் மண்ணெண்ணெய். பஞ்சலிங்கம் அந்த மிசினில் ஒரு கார் டைனமோவைப் பூட்டி வார் போட்டிருந்தார். மிசின் தண்ணீர் இறைக்க, டைனமோ அவருடைய வானொலிப் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும். டைனமோ அவருடையது, ஆனால் பூட்டியிருப்பது பொது மிசினில். அதனால் தங்கச்சி தன் முறையில் அதைப் பாவிக்கலாம் என்பது வாய் திறந்து பேசாமலே இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட சட்டம்.

வாய் திறந்து பேசாமல் என்றால் உண்மையாகவே பேசாமல். தகப்பனின் அந்தியேட்டிச் சடங்கு அன்று இனசனத்தின் நடுவில், கல்யாணம் செய்யாத பிள்ளைக்குத் தோட்டக் காணி எதற்கு, நான் பார்ப்பேன்தானே என்று தமையன் சொன்னார். என்னைப் பார்க்க ஆள் தேவையில்லை, என் பங்குதான் தேவை என்று தங்கச்சி சொன்னார். பங்கு கிடைத்தது. அதோடு கதை பேச்சு நின்றது. அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருசம். ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு. கோயிலில் ஒருவர் வசந்த மண்டபப் பக்கம் நின்றால் மற்றவர் தேர்முட்டிப் பக்கம் நிற்பார். பஞ்சலிங்கத்தின் மனைவி நல்லம்மா மட்டும் வேலியில் கிடுகை விலக்கி ஒரு பொட்டு வைத்து, அதால் கறியும் ஊர்ப் புதினமும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். தமையன் அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார். வேலி அடைக்கிற காலம் வந்தால் அந்தப் பொட்டை மட்டும் விட்டு மற்ற இடத்துக்குக் கிடுகு கட்டுவார்.

ரீச்சர் லொறிப் பற்றறியைத் தோட்டத்துக்கு அனுப்பினார். இளையதம்பியும் நானும் மிசின் கொட்டிலில் இறக்கி டைனமோவோடு கொழுவினோம். மத்தியானம் கழற்றிவிட வேண்டும், ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது என்பது ரீச்சரின் கட்டளை. தமையனுடைய மண்ணெண்ணெயில் ஒரு துளி மின்சாரமும் தன் பற்றறிக்குள் போகக் கூடாது. வெயில் உச்சிக்கு வந்ததும் இளையதம்பி ஓடிப்போய்க் கழற்றினார். பஞ்சலிங்கம் தன் முறைக்கு வந்து நின்று, எங்களைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்தார்.

மறுநாள் ஓட்டினால் கணினி மத்தியானச் சோற்றோடு நின்றது. திரையின் நாலு பக்கமும் உள்ளுக்குச் சுருங்கி, பச்சை எழுத்துகள் நடுவில் கூடி, அணைந்தது. அடுத்த முறைக்குத் திரும்பச் சார்ஜ் ஏற்றினோம். இந்தமுறை அதற்கும் முன்பே, சோறு வடிக்க முன்பே நின்றது.

நான் பெட்டி செய்தவரைக் குற்றம் சொன்னேன், பிறகு கறாச்சுக்காரரைக் குற்றம் சொன்னேன். ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன்னில்தான் பிழை என்றார். ஒரு தொட்டி, அதில் ஒரு குழாய் நிரப்பும், ஒரு குழாய் வெளியேற்றும், தொட்டி எப்போது நிறையும்? வருசா வருசம் ஏழாம் ஆண்டுக்கு அந்தக் கணக்கைச் செய்வித்தவர் அவர். பற்றறி வாங்கும்போது வெளியேற்றும் குழாயை மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறார். நிரப்பும் குழாய்க்கு அரை நாள்தான் முறை என்பதை யோசிக்கவில்லை. அரை நாளில் கார் பற்றறி நிறைந்திருக்கும். லொறிப் பற்றறி பாதிதான் நிறையும்.

கனகரத்தினத்திடம் போய்க் கேட்டோம். அவரும் இப்போது யானைக் கதையை விட்டுவிட்டார். பற்றறியை ஒவ்வொருமுறையும் அரை வயிற்றில் வைத்து வேலை வாங்கினால் உள்ளுக்குப் படிந்து செத்துப்போகும், இப்போதே பாதி செத்திருக்கும், ஒருமுறையாவது காலமையிலிருந்து பொழுது படும்வரை விடாமல் ஏற்றினால் தேறும் என்றார். இல்லாவிட்டால் கார் பற்றறியை மாற்றிக்கொண்டு போகலாம். அதற்கு ரீச்சர் தலையாட்டவில்லை. கார் பற்றறி நிறையும், ஆனால் மத்தியானத்தோடு நிற்கும். நேரசூசிக்குப் பின்னேரம் வரை வேண்டும்.

தவணை தொடங்க ஒரு இறைப்புத்தான் இருந்தது. அது சனிக்கிழமை.

நல்லம்மா இதை வேலிப் பொட்டுக்குள்ளால் அறிந்து, அதே பொட்டுக்குள்ளால் ஒரு வழியும் சொன்னார். பஞ்சலிங்கம் தண்ணீர் மாறத் தோட்டத்தின் அந்தக் கடைசித் தொங்கலுக்குப் போகிற நேரம் தான் போய்க் கம்பியைக் கொழுவி விடுவதாகவும், அவர் மிசினடிக்கு வரமுன்பு கழற்றிவிடுவதாகவும் சொன்னார். நல்லம்மா இதில் கெட்டிக்காரி, கட்டாயம் செய்திருப்பார்.

"களவாய் எடுக்க மாட்டன், மச்சாள்" என்றார் ரீச்சர்.

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

அந்தக் கிழமை அவரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நியாயம் பார்க்கிற மனுசி, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமையனிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் உப அதிபரின் பழைய நேரசூசியை எடுத்து வைத்துக் கையால் திருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடம் திறந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்மாசினி வந்தார். வந்து ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் பிள்ளைகள் சனி ஞாயிறிலும் வந்து மாமரத்தடியில் தாங்களாகவே கணக்குச் செய்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை வழமைபோல இளையதம்பி பற்றறியைக் கொழுவினார். வெயில் ஏறுகிற நேரம் ரீச்சர் என்னிடம் வந்து, மாஸ்ரர், சும்மா ஒருக்கால் தோட்டத்துக்கு வாருங்கள் என்றார். பாடசாலைக்குப் போகும் சேலையைக் கட்டியிருந்தார். வழியெல்லாம் வெங்காயத்தறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் போகும்போது முறை மாறிவிட்டது. இளையதம்பி கழற்ற ஆயத்தமாகக் கம்பியில் கை வைத்துக்கொண்டு நின்றார். ரீச்சர் அவரைப் பார்த்து, இப்போது வேண்டாம் என்று கையால் காட்டினார். பஞ்சலிங்கம் சறத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு ஒரு பாத்தியை அடைத்து அடுத்த பாத்தியைத் திறந்துகொண்டிருந்தார். ஆள் மெலிந்திருந்தார். ரீச்சர் வரப்பில் போய் நின்றார். நான் முருங்கைக்குக் கீழே நின்றுகொண்டேன்.

"அண்ணை" என்றார் ரீச்சர். மிசின் சத்தத்தில் அது கேட்டதோ தெரியாது. கொஞ்சம் உரத்துத் திரும்பச் சொன்னார். "அண்ணை, இண்டைக்கு உங்கடை முறையிலையும் என்ரை பற்றறி கொழுவியிருக்க வேணும். அதைக் கேக்கத்தான் வந்தனான்."

பஞ்சலிங்கம் திறந்த பாத்தியைத் தண்ணீர் நிரப்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"உதை மத்தியானத்தோடை கழட்டச் சொன்னது ஆர்?"

"நான்தான்."

"நான் சொன்னனானோ?"

"இல்லை."

"நான் மிசினடிக்கு வரேக்கை இளையதம்பி விழுந்தடிச்சுக் கொண்டு ஓடி வந்து கழட்டிறான். ஏதோ நான் கடிச்சுப்போடுவன் எண்ட மாதிரி. அதைப் பாத்துக்கொண்டு நிக்க எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு நீ யோசிச்சனியோ?"

"உங்கடை எண்ணெய். அதிலை ஒரு துளி எனக்கு வேண்டாம் எண்டுதான்" என்றார் ரீச்சர்.

"அதைத்தான் நானும் சொல்லிறன்" என்றார் பஞ்சலிங்கம்.

அவர் மண்வெட்டியை வரப்பில் குத்திவிட்டு மிசின் கொட்டிலுக்கு வந்தார். அவருடைய வானொலிப் பற்றறி சாக்கில் சுற்றி ஒரு மூலையில் காத்துக் கிடந்தது. இரண்டையும் ஒன்றாகக் கொழுவினால் லொறிப் பற்றறி நிறையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வானொலிப் பற்றறியைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் கட்டினார். லொறிப் பற்றறியின் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்து இறுக்கிவிட்டார். இளையதம்பி வாயைத் திறந்தபடி நின்றார். ரீச்சர் திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பஞ்சலிங்கத்தின் வானொலி என்றால் அந்த ஒழுங்கைக்கே வானொலி. பின்னேரத்தில் லண்டன் செய்தி கேட்கப் பத்துப் பன்னிரண்டு பேர் அவருடைய முற்றத்துக்கு வருவார்கள். அந்த நாட்களில் சோறு இல்லாமல் இருந்தாலும் செய்தி இல்லாமல் ஒருவரும் இருக்கமாட்டார்கள், பஞ்சலிங்கம் எல்லாரிலும் மோசம். அன்று நானும் போனேன், என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். வானொலி திறக்கவில்லை. இனி அடுத்த இறைப்பு வரை செய்தி இல்லை என்றார். ஏன் என்று கேட்டார்கள். "தங்கச்சிக்கு ஒரு வேலை இருக்கு" என்றார். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வெற்றிலை போடாமலே எழும்பிப் போனார்கள். நல்லம்மா உள்ளே ஏதோ பாத்திரத்தை விழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் விளக்கு வைத்துக் கும்பிட்டுக் கணினியைத் தொடக்கினார். ஆசிரியர் பெயர்களை வாசித்துச் சரிபார்க்க நான் இருந்தேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு படலை திறந்தது. பஞ்சலிங்கம் வேட்டி கட்டி, தோளில் சால்வை போட்டுக்கொண்டு வந்தார். தன் மண்ணெண்ணெய் எங்கே போகிறது என்று பார்க்க வந்ததாக என்னிடம் சொன்னார், ரீச்சரிடம் சொல்லவில்லை. நான் கதிரையைக் காட்டினேன். இருந்தார்.

பார்க்க ஒன்றும் இல்லை. பச்சைத் திரையில் ஒரு எண் ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். பெட்டி இரையும். பஞ்சலிங்கம் அதைத் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சர் அடுக்களைக்கும் முன் அறைக்குமாக நடந்தார். பாய் போட்டுச் சாப்பாடு வைக்க நினைத்திருப்பார், கேட்கப் பயந்திருப்பார். பகை என்று வந்த வீட்டில் எங்கள் ஆட்கள் ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதில்லை. செம்பை நீட்டும்போது மற்றவர் அதை வாங்காமல் விட்டால் பிறகு அந்தப் பகைக்கு மருந்தே இல்லை. மத்தியானம் வந்தது. நான் திரையின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கவில்லை. என் சோற்றை நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பஞ்சலிங்கம் எழும்பவில்லை.

வெயில் சரிகிற நேரத்தில் எண் நின்றது. வகுப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ரீச்சர் வாசிக்க நான் எழுதினேன். வந்த பாடசாலையின் பதினோராம் ஆண்டுக்குக் கிழமையில் இரண்டு நாள் ஆய்வுகூடம், தினமும் கணிதம். கணிதத்துக்கு ஆசிரியர் பெயர் குணலட்சுமி. காலையில் எங்களுக்கும் பின்னேரத்தில் அவர்களுக்குமாக அவருடைய பெயர் நிரம்பிக் கிடந்தது. அப்படி வரும் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார்.

மறுநாள் அது சுவரில் ஒட்டப்பட்டது. பத்மாசினி அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார். முத்துக்குமாரு, தனக்கு இந்த வேலை விட்டது போதும் என்று வந்து கைகொடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் எனக்கு. அதற்குப் பிறகும் தவணைக்குத் தவணை அவர்தான் போட்டார், வெள்ளிக்கிழமையும் மாறவில்லை. தொண்ணூற்றைந்தில் எல்லாரும் ஊரை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது ரீச்சர் தமையன் வீட்டாரோடு போனார், கணினியும் பற்றறியும் இருந்த இடத்திலேயே கிடந்தன.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிறு பின்னேரந்தான். எழுதி முடித்து, ரீச்சர் திரையை அணைத்தார். பெட்டியின் இரைச்சல் நின்று வீடு அமைதியானது. பஞ்சலிங்கம் எழும்பிச் சால்வையை உதறினார், போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா, பிள்ளை" என்றார்.

ரீச்சர் உள்ளே போனார். வரவில்லை. ஒரு செம்புத் தண்ணீருக்கு இவ்வளவு நேரமா என்று நான் எட்டிப் பார்த்தேன். குடத்தடியில் நிறைந்த செம்பைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்கிச் செம்பிலிருந்து தண்ணீர் சிந்தியது. நான் திரும்ப வந்து கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு முகத்தைக் கழுவிச் செம்பைத் திரும்ப நிரப்பிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினார். பஞ்சலிங்கம் அண்ணாந்து முழுவதையும் குடித்தார், செம்பைத் திருப்பிக் கொடுத்தார், முற்றத்தில் இறங்கிப் படலை வரை போனார். படலையில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இனி மத்தியானத்தோடை கழட்டாதை" என்றார்.